சிவப்பு எழுத்தை வாசிக்காதவர்கள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கைநாட்டை ஒழிப்பது மட்டும் அதன் வேலையாக இருக்கவில்லை. தன் பெயரை வரைந்து காட்டிவிட்டு "எனக்கு எழுத்து தெரியும்" என்று நின்றுவிடுவது போதாது என்பதும் அதன் கட்சி. வாசிக்க வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், வாசித்ததை வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் இயக்கத்தோடு சேர்த்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறிய கதையைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி, அது வெளிநாடு வரைக்கும் போனது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்று அதே மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று பலகை மாட்டிய கணினிப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அங்கே கணினித் திரையில் நாலு வரி சிவப்பு எழுத்து வந்தால் என்ன நடக்கிறது? படித்த பையன், படித்த பெண், கைப்பேசியை எடுத்துத் திரையைப் போட்டோ பிடித்து வாட்ஸாப் குழுவில் போடுகிறார்கள். "சார், எரர் வருது."

என்ன எரர்?

"தெரியல சார். சிவப்பா வருது."

இது கேலிக்காகச் சொல்லப்படுவதில்லை (கொஞ்சம் கேலியும் உண்டு :-)). எழுத்தறிவித்த மாவட்டத்தில், எழுத்துக்கூட்டி வாசித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிற இடத்தில், வாசிக்காமல் இருப்பதை ஒரு பழக்கமாகவே கற்பித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ஒரு சர்வரை ஒழுங்காக வைத்திருக்க மென்பொருள் நிறுவ வேண்டும், அமைப்புக் கோப்புகளைத் திருத்த வேண்டும், பயனர்களைச் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு என்றால் கையாலேயே செய்துவிடலாம். முந்நூறு சர்வர் என்றால்? அதற்குத்தான் அமைப்பைத் தானியக்கமாக்கும் கருவிகள் வந்தன. 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப்எஞ்சின் இந்தப் பரம்பரையின் பாட்டன். 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2011-ல் சால்ட், 2012-ல் ஆன்சிபிள். நம்மூர் ஜோஹோவின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரலும் அலுவலகக் கணினிகளுக்கு இதே வேலையைச் செய்கிற கருவிதான்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றே. "சுவிட்சைத் தட்டு" என்று சொல்லாதே, "விளக்கு எரிய வேண்டும்" என்று சொல். சுவிட்சைத் தட்டு என்று இரண்டு முறை சொன்னால் விளக்கு அணைந்துவிடும். விளக்கு எரிய வேண்டும் என்று நூறு முறை சொன்னாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். எவ்வளவு அழகான யோசனை! இதைப் புரிந்துகொள்ளாமல், ஆன்சிபிளில் எல்லா வேலையையும் ஷெல் கட்டளையாகவே எழுதி, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒரே வரியை அமைப்புக் கோப்பின் அடியில் ஒட்டிக்கொண்டே போகிறவர்கள் ஏராளம். பத்து முறை ஓட்டினால் பத்து வரி. பதினோராவது முறை அந்த சேவை எழுந்திருக்க மறுக்கிறது. உடனே "ஆன்சிபிள் சரியில்லை" என்று தீர்ப்பு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் டெவ்ஆப்ஸ் என்று ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது. அதில் ஆன்சிபிளுக்கு ஓர் அலகு முழுக்க ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். இருபது வருஷத்துக்கு முன் இதெல்லாம் பாடமாக வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பாடத்தாளில் இருப்பது வேறு, ஆய்வகத்தில் நடப்பது வேறு. பல ஆய்வகங்களில் நடப்பது இதுதான்: எழுதி வைத்த பிளேபுக்கை அப்படியே தட்டச்சு செய், பச்சை எழுத்து வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடு, ரெக்கார்டு நோட்டில் ஒட்டு, "இவ்வாறாக நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது" என்று எழுதி கையெழுத்து வாங்கு. பச்சை வராதவன் பக்கத்து பெஞ்சுக்காரனின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கி ஒட்டுகிறான். ஆக, மூன்று மணி நேர ஆய்வகத்தில் எதையாவது உண்மையிலேயே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு யாருக்கு வந்ததோ, அவனைத்தான் தோற்றவன் என்று நடத்துகிறார்கள்.

பயிற்சி மையங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாற்பத்தைந்து நாளில் பன்னிரண்டு கருவிகள் என்று துண்டுப்பிரசுரம் அடிக்கிறார்கள். ஒரு கருவிக்கு நாலு நாள்கூடத் தேறவில்லை. அந்த நாலு நாளில் கருவி உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. நேர்முகத் தேர்வில் "பப்பெட்டுக்கும் ஆன்சிபிளுக்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்டால் சொல்ல மனப்பாடமாக ஒரு பத்தி இருக்கிறது. வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு வருகிற சிவப்பு எழுத்துக்குத்தான் பத்தி இல்லை.

இதற்கு வழக்கமாக ஒரு சமாதானம் சொல்வார்கள். "பசங்க தமிழ் மீடியம் சார், இங்கிலீஷ் வராது, எரர் மெசேஜ் எப்படி வாசிப்பாங்க?" இதைவிடச் சோம்பேறித்தனமான சமாதானம் இருக்க முடியாது. லினக்ஸ் சர்வரில் வருகிற பிழைச் செய்திகள் ஒன்றும் ஷேக்ஸ்பியர் நாடகம் அல்ல. அன்றாடம் தலைகாட்டுகிறவை ஐம்பது சொற்றொடர்கூட இருக்காது. ஒரு மதியத்தில் தமிழிலேயே விளக்கி முடித்துவிடலாம். விளக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆன்சிபிள் ஒரு சர்வரைத் தொட முடியாமல் போனால் "அன்ரீச்சபிள்" என்று சொல்லும். தொட்ட பிறகு வேலை கெட்டால் "ஃபெய்ல்டு" என்று சொல்லும். இரண்டும் சிவப்புதான். ஆனால் முதலாவது வழிக் கோளாறு, இரண்டாவது வேலைக் கோளாறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் மின்கம்பமும் தென்னையும் சேர்ந்து சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வெளியூரிலிருந்து அழைத்தவர்களுக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றுதான் கேட்டது. அதற்காக அந்த வீட்டில் ஆளே இல்லை என்று யாராவது முடிவு கட்டினார்களா? வழி அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் "அன்ரீச்சபிள்" என்று கண்டவுடன் பிளேபுக்கைத் திறந்து வரிவரியாகத் திருத்துகிறவர்களை என்னவென்று சொல்வது! பிளேபுக் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.

அந்த அன்ரீச்சபிளுக்குப் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருக்கும். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் பெரும்பாலும் வீடு இருக்கிறது, அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை என்று பொருள். எஸ்எஸ்ஹெச் சேவை ஓடவில்லை, அல்லது வேறு கதவில் உட்கார்ந்திருக்கிறது. "டைம்டு அவுட்" என்றால் தட்டித் தட்டிப் பார்த்தும் பதிலே இல்லை. சர்வர் அணைந்திருக்கலாம், நடுவில் தீயரண் விழுங்கியிருக்கலாம், முகவரியே தப்பாக இருக்கலாம். "நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்" என்றால் பெயரை வைத்து முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை. "பெர்மிஷன் டினைடு" என்றால் கதவு திறந்தது, உள்ளே இருப்பவர் "நீ யார்" என்று கேட்டு நம்பவில்லை. நாலும் நாலு நோய். நாலுக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால்?

பெயர்ப் பிரச்சினையைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. 2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோ தளம் உலகம் முழுக்கப் பலருக்குத் திறக்கவில்லை. சர்வர்கள் நலமாகத்தான் இருந்தன. டொமைன் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த நிறுவனம், ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டிப் பெயரை முடக்கிவிட்டது. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் யாராவது சர்வர் அமைப்பைத் தோண்டிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போயிருக்கும்.

"பெர்மிஷன் டினைடு" பற்றி இன்னும் கொஞ்சம். சாவியைச் சரியாகத்தான் வைத்திருக்கிறான், ஆனாலும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. ஏன்? எதிர்ப்பக்கத்தில் அந்தப் பயனரின் வீட்டு அடைவை மற்றவர்களும் எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் எஸ்எஸ்ஹெச் அங்கே இருக்கிற சாவிப் பட்டியலை நம்பாது. எவன் வேண்டுமானாலும் திருத்தியிருக்கலாம் அல்லவா? இந்தக் காரணம் இந்தப் பக்கத் திரையில் வராது. சர்வரின் பதிவேட்டில்தான் எழுதியிருக்கும். பஞ்சாயத்து என்றால் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், கணினி ஆய்வகத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறது. அங்கே நடப்பது என்ன? எல்லா அடைவுக்கும் 777 அனுமதி கொடுத்துப் பார்க்கிறார்கள். அதாவது நோய்க்குக் காரணமான அதே திறந்த வாசலை இன்னும் அகலமாகத் திறக்கிறார்கள்!

அனுமதி என்றதும் ஆன்சிபிளில் ஒரு வேடிக்கை. கோப்பின் அனுமதியை மேற்கோள் குறியில்லாமல், முன்னால் சுழியமும் போடாமல் 644 என்று எழுதினால் கருவி அதை எட்டடி எண்ணாக எடுக்காமல் சாதாரணப் பத்தடி எண்ணாக எடுத்துக்கொள்ளும். பத்தடியில் 644 என்பது எட்டடியில் 1204. விளைவு: கோப்பின் சொந்தக்காரருக்கு வாசிக்க அனுமதி இல்லை, ஊரில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் உண்டு. பிளேபுக் பச்சையாக முடியும். இதே யாம்ல் எழுத்து முறையில் மேற்கோள் இல்லாமல் 1.10 என்று பதிப்பு எண் எழுதினால் 1.1 ஆகிவிடும். "நோ" என்று நார்வேயின் சுருக்கக் குறியை எழுதினால் "இல்லை" ஆகிவிடும். ஒரு நாட்டையே இல்லை என்று சொல்லிவிடுகிற மொழி :-). இதெல்லாம் ஆவணத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆவணம் வாசிப்பது யார்?

பப்பெட்டில் இதே கதை சான்றிதழ் உருவில் வரும். ஒவ்வொரு கணினியும் தலைமைச் சர்வரிடம் தன் சான்றிதழைக் காட்டித்தான் உத்தரவு வாங்கும். கணினியின் கடிகாரம் தப்பாக ஓடினால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சண்டை வரும். கணினியை அழித்து அதே பெயரில் மீண்டும் நிறுவினால், பழைய சான்றிதழும் புதிய சாவியும் பொருந்தவில்லை என்று சண்டை வரும். இரண்டையும் செய்தி தெளிவாகவே சொல்லும். கடிகாரத்தைச் சரிசெய்ய இரண்டு நிமிடம். அந்த ஒரு கணினியின் பழைய சான்றிதழை நீக்க இரண்டு நிமிடம். அதை வாசிக்காமல் தலைமைச் சர்வரின் சான்றிதழ் அடைவு மொத்தத்தையும் அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அது. அதுவரை ஒரு கணினி பேசவில்லை. இப்போது எதுவும் பேசாது.

ஆனாலும் சிவப்பைத் தவறாக வாசிப்பவனைவிட ஆபத்தானவன், சிவப்பே வராமல் வாயை அடைப்பவன். ஆன்சிபிளில் "இக்னோர் எரர்ஸ்" என்று ஒரு வசதி. பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போ என்று பொருள். நியாயமான இடங்கள் அதற்கு உண்டு, மிகச் சில. ஆனால் இணையத்தில் கிடைக்கிற பிளேபுக்குகளில் அது கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் மிதக்கிறது. எஸ்இலினக்ஸ் தடுக்கிறதா, அதை அணை. மென்பொருள் நிறுவும்போது இன்னொரு நிரல் பூட்டு வைத்திருக்கிறதா, பூட்டுக் கோப்பை அழி. (அந்தப் பூட்டை வைத்திருப்பது பெரும்பாலும் உபுண்டுவே தானாக ஓட்டுகிற பாதுகாப்புப் புதுப்பிப்பு. சில நிமிடம் காத்திருந்தால் அதுவே விட்டுவிடும். நடுவில் கொன்றால் மென்பொருள் பட்டியலே சிதையும்.) கருவி வாயைத் திறந்து வலிக்கிற இடத்தைச் சொல்கிறது. வாயில் துணியை அடைத்துவிட்டு "குணமாகிவிட்டது" என்கிறார்கள்.

பச்சையும் பொய் சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லியே ஆக வேண்டும். இதை எந்தப் பயிற்சி மையத்திலும் கேட்டுப் பாருங்கள். ஒரு வலைச் சர்வரின் அமைப்புக் கோப்பை ஆன்சிபிள் மாற்றுகிறது. கோப்பு மாறினால் சேவையை மறுதொடக்கம் செய் என்று ஒரு ஹேண்ட்லர் எழுதியிருக்கிறது. ஹேண்ட்லர் உடனே ஓடாது, அந்தப் பகுதியின் கடைசியில்தான் ஓடும். நடுவில் வேறொரு வேலை, சம்பந்தமே இல்லாத ஒன்று, தோற்றுவிடுகிறது. ஓட்டம் நின்றுவிடும், ஹேண்ட்லர் ஓடாது. சரி, அந்த இன்னொரு வேலையைத் திருத்திவிட்டு இரண்டாம் முறை ஓட்டுகிறார்கள். இப்போது அமைப்புக் கோப்பு ஏற்கெனவே சரியாக இருக்கிறது, ஆகவே "மாற்றம் இல்லை". மாற்றம் இல்லை என்பதால் ஹேண்ட்லருக்கு அழைப்பும் இல்லை. எல்லாம் பச்சை. கோப்பில் புதிய அமைப்பு, நினைவகத்தில் பழைய அமைப்பு. மூன்று மாதம் கழித்து மின்சாரம் போய் சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது திடீரென்று புதிய அமைப்பு உயிர்பெறும். அன்று எல்லாரும் அன்றைக்கு யார் என்ன மாற்றினார்கள் என்று தேடுவார்கள். யாரும் எதுவும் மாற்றவில்லை! மாற்றியது மூன்று மாதத்துக்கு முன்னால்.

இதற்கு மருந்து இருக்கிறது. தோற்றாலும் ஹேண்ட்லரை ஓட்டு என்று ஆன்சிபிளிடம் சொல்லலாம், இடையிலேயே ஓட்டிவிடு என்றும் சொல்லலாம். ஆனால் மருந்தைத் தேட நோய் தெரிந்திருக்க வேண்டும். நோய் தெரிய, முதல் ஓட்டத்தின் சிவப்பு வரிக்கு மேலே இருக்கிற மஞ்சள் வரியையும் வாசித்திருக்க வேண்டும். "இங்கே ஏதோ மாறியது, அதற்கான மறுதொடக்கம் நடந்ததா?" என்று ஒரு கேள்வி. அறிவொளிக்காரர்கள் கேட்கச் சொன்ன மாதிரி ஒரு கேள்வி.

இன்னொரு பக்கம் பழைய ஆட்கள். இருபது வருஷம் சர்வர் பார்த்தவர்கள், எல்லாவற்றையும் கையால் செய்து பழகியவர்கள். "இந்தக் கருவியெல்லாம் பேஜாரு, நான் மாத்தினதை அதுவே திருப்பி மாத்திடுது" என்பது இவர்கள் புகார். ஆமாம், மாற்றத்தான் செய்யும்! பப்பெட் வழக்கமாக அரைமணிக்கு ஒருமுறை வந்து, எழுதி வைத்தபடி இருக்கிறதா என்று பார்க்கும். இரவு இரண்டு மணிக்குக் கையால் திருத்தியதை இரண்டரைக்குப் பழையபடி ஆக்கிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று ஏஜெண்டையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு சர்வர் அன்றிலிருந்து தனித் தீவு. யாருக்கும் தெரியாது, எங்கும் எழுதி வைக்கவில்லை. மாற்றத்தை எழுதப்பட்ட இடத்தில் எழுத வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. எழுதுவது ஒரு வேலை, வாசிப்பது மாதிரியே.

"கையால் செய்தால் பாதுகாப்பு" என்பவர்கள் ஒரு கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நடக்கவிருந்த ஒரு மாற்றத்துக்காகப் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஆள் கையால் ஏற்றினார். ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட "பவர் பெக்" என்ற பழைய நிரல் அழிக்கப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்புகிற அதே அடையாளக் குறியைப் புதிய நிரலுக்கு மறுபயன்பாடு செய்திருந்தார்கள். சந்தை திறந்ததும் பழைய பேய் எழுந்துகொண்டது. நிறுத்தாமல் வாங்கியும் விற்றும் தள்ளியது. முக்கால் மணி நேரத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதுவரை பலருக்குத் தெரிந்த கதை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013-ல் வெளியிட்ட உத்தரவில் இன்னொரு விவரம் இருக்கிறது, அதைத்தான் யாரும் வகுப்பில் சொல்வதில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் உள் அமைப்பு ஊழியர்களுக்குத் தானாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. பிழையின் பெயரிலேயே "பவர் பெக்" என்று இருக்கிறது. மொத்தம் 97 மின்னஞ்சல்கள்! ஒருவரும் அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. தானாக வருகிற அஞ்சல்தானே, யார் வாசிப்பார்கள். அதற்கப்புறம் பதற்றத்தில் செய்த வைத்தியம் இன்னும் மோசம். சரியாக ஏற்றியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றினார்கள். பழைய பேய் இப்போது எட்டிலும் ஆடியது. கையால் செய்தாலும் கருவியால் செய்தாலும், வாசிக்காமல் வைத்தியம் பார்த்தால் ஒன்றுக்கு எட்டு.

கருவியால் செய்தால் எட்டோடு நிற்காது என்பதும் உண்மை. 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், விண்டோஸ் கணினிகளை அழித்துப் புதிதாக நிறுவுகிற உத்தரவு தவறுதலாக எல்லாக் கணினிகளுக்கும் போய்விட்டது. உத்தரவு அனுப்பிய மேலாண்மைச் சர்வரும் அந்த "எல்லா"வுக்குள் அடக்கம், அதுவும் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. 2024 ஜூலை 19-ல் க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரை ஆக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். நிரல் 20 உள்ளீடுகள் தரும் இடத்தில் கோப்பு 21 எதிர்பார்த்தது, அவ்வளவுதான் கோளாறு. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் எல்லா வாசலுக்கும் போய்விட்டது. அனுப்பியது கருவி, சரிசெய்தது கணினி கணினியாக மனிதக் கை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடர்கிற ஊர். மேல் கண்மாய் கரை உடைந்தால் கீழ்க் கண்மாய்க்காரன் அன்றிரவு தூங்க மாட்டான். எல்லா மடையையும் ஒரே நேரத்தில் யாரும் திறப்பதில்லை. ஒன்றைத் திறந்து, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் அடுத்தது. ஆன்சிபிளில் "சீரியல்" என்று ஒரு சொல் இதற்காகவே இருக்கிறது: முதலில் ஒரு சர்வர், அப்புறம் பத்து, அப்புறம் மீதி. "லிமிட்" இருக்கிறது. செய்யாமல் செய்து காட்டுகிற "செக்" இருக்கிறது, என்ன வரி மாறப்போகிறது என்று காட்டுகிற "டிஃப்" இருக்கிறது. (செக்கை முழுக்க நம்பவும் கூடாது, ஷெல் கட்டளைகளை அது தாண்டிப் போய்விடும்.) எல்லாமே வாசிப்பதற்கான வசதிகள். ஆனால் பாடமாக இருப்பது ஓட்டுவது மட்டும்.

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. "சாட்ஜிபிடி இருக்கே, பிழையை ஒட்டினா அதுவே சொல்லிடும்." ஒட்டட்டும், தப்பில்லை. ஆனால் நாற்பது வரிப் பிழையில் எந்த வரியை ஒட்டுவது? கடைசி வரியை ஒட்டுகிறார்கள், காரணமோ பன்னிரண்டாவது வரியில் இருக்கிறது. அந்த சர்வரின் கடிகாரம் பின்னால் ஓடுவதும், போன வாரம் யாரோ கையால் திருத்தியதும், மூன்று மாதமாக ஓடாத ஹேண்ட்லரும் அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்ததை வைத்து அது நாலு யோசனை சொல்லும், அதில் ஒன்று 777 ஆகவும் இருக்கலாம், ரொம்ப மரியாதையாக. நாலில் எது தன் சர்வருக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க, சொந்தமாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

செலவு ஆகுமே என்று கல்லூரி நிர்வாகங்கள் கையை விரிக்க வேண்டியதில்லை. 2011-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள், அதுவும் சென்னை சி-டாக்கில் உருவானது. வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக அதை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொண்டார்கள். போகட்டும். இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடும். வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், டெபியன் இலவசம், ஆன்சிபிள் இலவசம். வேறென்ன வேண்டும்?

வேண்டியது தேர்வு முறையில் ஒரே ஒரு மாற்றம். செய்முறைத் தேர்வில் நலமான கணினியைக் கொடுத்து பிளேபுக் ஓட்டச் சொல்லாதீர்கள். கெட்ட கணினியைக் கொடுங்கள். ஆசிரியர் முந்தின நாள் மாலை உட்கார்ந்து உடைத்து வைக்கட்டும். ஒன்றில் கடிகாரத்தை ஒரு வருஷம் பின்னால் தள்ளி வைக்கலாம். ஒன்றில் வீட்டு அடைவின் அனுமதியைத் திறந்துவிடலாம். ஒன்றில் பெயர்த் தீர்வுக் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றலாம். ஒன்றில் யாம்ல் கோப்பின் நடுவே ஒரு டேப் எழுத்தை ஒளித்து வைக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று ஒரு கணினியில் வெற்றுக் கோப்புகளை லட்சக்கணக்கில் உருவாக்கி, கோப்பு அட்டவணையை நிரப்பி வைக்கலாம். "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வரும், வட்டில் எவ்வளவு இடம் என்று கேட்டால் பாதி காலி என்று காட்டும். இடம் இருக்கிறது, பதிவு செய்யப் புத்தகத்தில் வரி இல்லை. கண்டுபிடிக்கட்டும்.

மதிப்பெண்ணும் சரிசெய்ததற்குப் பாதிதான். மீதிப் பாதி, விடைத்தாளில் தமிழிலோ ஆங்கிலத்திலோ மூன்று வரி எழுதுவதற்கு: கருவி என்ன சொன்னது, அதற்கு என்ன பொருள், முதலில் எதைப் பார்த்தாய், ஏன். சரிசெய்ய முடியாமல் போனவன்கூட இந்த மூன்று வரியை ஒழுங்காக எழுதியிருந்தால் தேர்ச்சி போடலாம். பச்சை ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஒட்டிவிட்டு மூன்று வரி எழுதாதவனை அடுத்த முறை வரச் சொல்லலாம்.